ஹட்டனுக்கு வந்த புரொசெசர்

ஹட்டன் நகரில் நான் படிப்பித்த கம்பியூட்டர் சென்டர் ஒரு புடைவைக் கடையின் மாடியில் இருந்தது. ஒடுக்கமான மரப்படி ஏறி வந்தால் முதலில் போட்டோக்கொப்பி மெஷின், அதைத் தாண்டினால் வகுப்பறை. ஜன்னலைத் திறந்து வைத்தால் பஸ் ஸ்டாண்டின் சத்தமும் மூடுபனியும் சேர்ந்தே உள்ளே வரும். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். காலையில் டைப்பிங், பின்னேரத்தில் ஹார்ட்வெயார் வகுப்பு. ஹார்ட்வெயார் படிப்பிக்கும் பெண் என்று ஊரில் கொஞ்சம் பேசினார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

சமாதானம் வந்து யாழ்ப்பாணத்துப் பாதை திறந்திருந்த காலம் அது. ஒரு நாள் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். கொத்மலை நீர்த்தேக்கத்தில் மின்சாரப் பொறியியலாளராக வேலை செய்பவர், யாழ்ப்பாணத்துக்காரர், அங்கேயே குவாட்டர்ஸில் குடும்பத்தோடு இருக்கிறவர் என்றெல்லாம் பிறகுதான் தெரிந்தது. வந்தவர் கொஞ்சம் தயங்கி, புரொசெசருக்குப் பூசுகிற பேஸ்ட் இருக்கிறதா என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே, இல்லை என்ற பதிலுக்குத் தயாராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

நான் மேசை லாச்சியைத் திறந்து ஊசிக்குழாய் மாதிரி இருக்கும் அந்தச் சின்னக் குழாயை எடுத்து நீட்டினேன். கொழும்புக்குப் போனபோது எனக்காக நானே வாங்கி வந்தது.

"டீச்சர், இது உங்களிட்ட எப்பிடி?" என்றார்.

"பழைய மெஷின் ஒன்ன ஸ்பீட் ஏத்திப் பாத்தேங்க சேர். சூடு தாங்கல. அதுக்குத்தான்."

அவர் முகம் மலர்ந்துபோனது. "மலைநாட்டில இந்த விசரோட திரியிறது நான் ஒராள்தான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்!"

அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. கம்பியூட்டரின் மூளையான புரொசெசரை, அதைச் செய்த கம்பனி சொன்ன வேகத்துக்கு மேலே ஓட வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த பைத்தியம். வேகம் கூடக் கூடச் சூடும் கூடும். சூட்டை இழுத்து வெளியே தள்ள, உலோகத் தகடுகளும் மேலே ஒரு விசிறியும் உள்ள கூலர் வேண்டும். எந்தக் கூலர் நல்லது என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப முடியாது. யாராவது பூட்டி, ஓட்டி, அளந்து சொல்ல வேண்டும்.

அப்படி அளந்து சொல்கிறவர்கள் இன்டர்நெட்டில் ஒரு கருத்துக்களத்தில் கூடியிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். பெரும்பாலும் கொழும்பு, கண்டிக்காரர்கள். நான் சேர் என்று கூப்பிட்ட அந்தப் பொறியியலாளர் அதில் பழைய ஆள். அவர் சொல்லி நானும் சேர்ந்தேன். டயல் அப் இன்டர்நெட் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ ஆறிப்போகும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் திறந்து பார்ப்பேன்.

அந்த ஆண்டு அவர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். ஒவ்வொருவரும் தன் தன் புரொசெசரில் அளந்தால் ஒப்பிட முடியாது. அதனால் எல்லோரும் பங்கு போட்டு வாங்கிய ஒரே புரொசெசரை ஊர் ஊராகச் சுற்றுக்கு விடுவது, அதனுடன் நாலு கூலர்களும் போகும் என்று முடிவானது. கொழும்பில் அளந்த பிறகு குளிரான ஓர் இடத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்றார்கள். சேருக்கு அந்த மாதம் கொத்மலையில் வேலை அதிகம். "ஹட்டனில் ஒரு டீச்சர் இருக்கிறா. என்னை விடக் கவனமா அளப்பா" என்று எழுதிவிட்டார். கொழும்பில் ஒருவர், ஏற்றுமதிக் கம்பனியில் வேலை செய்பவர், அதற்கு ஒப்பவில்லை. தெரியாத ஆளிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஆள். நான் பொறுப்பு" என்று சேர் ஒரே வரியில் பதில் எழுதினார். அந்த வரியை நான் பல தடவை வாசித்தேன்.

பொதி வந்த அன்று சென்டர் நடத்தியவர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். மாதா கோயிலில் கொயர் பாடுகிற, யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். "நல்லா ஓடுற சாமான ஏன் டீச்சர் இப்படி நோண்டுறீங்க?" என்று கேட்டுவிட்டு, வகுப்பறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையின் சாவியைத் தந்தார்.

அம்மாவுக்கு விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்து, எங்கள் லயத்து வீட்டு வாசலில் அட்டை கடித்திருக்கிறதா என்று காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சூடாக்குறதுக்கா, குளுராக்குறதுக்கா? ரெண்டுல என்ன வேல ஒனக்கு?"

"ரெண்டுந்தாம்மா. சூடாக்கி, அத எது நல்லா குளுராக்குதுன்னு பாக்குறது."

"இந்தக் குளுர்லயா?" என்று சிரித்தார்.

அவர் கேட்டதில் விஷயம் இருந்தது. ஹட்டனின் குளிரில் எந்தக் கூலரும் நல்ல கூலராகத்தான் தெரியும். அதனால் புரொசெசரின் சூட்டை மட்டும் எழுதாமல், அறையின் சூட்டையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத வேண்டும். சேர் ஒரு நல்ல வெப்பமானி கொடுத்தனுப்பியிருந்தார். ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் பழைய துணியை வைத்து, மதர்போட்டைப் பெட்டிக்குள் பூட்டாமல் மேசையில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் விரித்து வைத்தேன். அப்படி வைத்தால் கூலரை மாற்றி மாற்றிப் பூட்டுவது சுலபம். பட்டன் இல்லாததால், ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால் போட்டிலுள்ள இரண்டு ஊசிகளைத் தொட்டு இணைத்துத்தான் மெஷினை எழுப்புவேன். பிறகு புரொசெசரை முழு மூச்சாக வேலை செய்ய வைக்கும் ஒரு புரோகிராமை ஓட விட்டு, சூடு ஏறி ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருப்பேன். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. அப்படி இரண்டு தடவை போனது. சேருக்குப் போன் எடுத்துச் சொன்னபோது, "கரண்ட் போனா ஊரெல்லாம் என்னைத்தான் பேசுது, இப்ப நீங்களுமோ?" என்றார்.

முதல் மூன்று கூலர்களும் அலுமினியம், பிரச்சினை தரவில்லை. நாலாவது, முழுக்க முழுக்கச் செம்பு. கையில் எடுத்தால் படிக்கல் மாதிரிக் கனத்தது. அதைப் புரொசெசரோடு இறுக்கிப் பிடிக்க ஓர் இரும்புக் கிளிப் இருந்தது. அந்தக் காலத்துப் புரொசெசரின் நடுவில் சின்னச் சதுரமாக ஒரு சில்லு வெளியே தெரியும். மூடி கிடையாது. கண்ணாடி மாதிரி, மூலையில் அழுத்தம் பட்டால் உடைந்துவிடும். அது தெரிந்துதான் கவனமாகச் செய்தேன். கிளிப் அசையவில்லை. ஸ்க்ரூ ட்ரைவரை அதன் காதில் கொடுத்து உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். மதர்போட் வளைந்து கொடுத்தது. கிளிப் ஒரு பக்கம் கொக்கியில் மாட்ட, ஸ்க்ரூ ட்ரைவர் வழுக்கிப் போட்டில் கீறியது. கூலர் ஒரு கணம் சரிந்து நிமிர்ந்தது.

ஊசிகளைத் தொட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. நிறுத்தி, மூச்சை விட்டு, மறுபடி தொட்டேன். விசிறி சுற்றியது, படம் இல்லை. இன்னொரு தடவையும் அப்படியே.

வகுப்பறையில் பிள்ளைகள் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சின்ன அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மனதில் புரொசெசரின் விலை வரவில்லை. "நான் பொறுப்பு" என்ற வரிதான் வந்தது. அந்தக் கொழும்புக்காரர் என்ன எழுதுவார் என்று சொற்கள் உட்படத் தெரிந்தது. சேரைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் தெரிந்தது.

கீழே இறங்கிப் போய்ப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையிலிருந்து அவருடைய அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன்.

"சேர், ஒரு கெட்ட செய்திங்க. செம்பு கூலர் பூட்டுறப்ப வழுக்கிருச்சி. புரொசெசர் போயிருச்சின்னு நெனக்கிறேன்."

அவருக்குப் பின்னால் யாரோ சிங்களத்தில் எதையோ கேட்க, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவர் "பொட்டக் இன்ன" என்பது கேட்டது.

"உங்களுக்குக் கையில காயமொண்டும் இல்லையே?"

"இல்லைங்க சேர்."

"அப்ப சரி. இனி ஒண்டையும் தொடாதேங்கோ. அப்பிடியே விடுங்கோ. நான் சனிக்கிழமை வாறன்."

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அறையைப் பூட்டினேன். அதன்பின் சனிக்கிழமை வரை ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். அம்மா சுடச்சுட ரொட்டி சுட்டுத் தந்தால் பாதியைப் பிய்த்து வைத்துவிடுவேன்.

"வேலய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?" என்று ஒரு தடவை கேட்டார்.

"அதெல்லாம் இல்லம்மா. ஆளுங்க நம்பிக் குடுத்த சாமான் ஒன்னு ஒடஞ்சிருச்சி."

"குடுத்தவருக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன்."

"அப்ப சாப்புடு" என்றார். சாப்பிட முயன்றேன்.

சனிக்கிழமை மழை. சேர் இரண்டு பஸ் மாறி நனைந்து வந்தார். கையில் ஒரு பூதக்கண்ணாடி. வந்ததும் என்னிடம் கதை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செம்புக் கூலரை இரண்டு பேருமாகக் கழற்றினோம். பேஸ்ட்டைத் துடைத்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

சில்லின் ஒரு மூலையில் உடைவு தெரிந்தது. ஓர் எறும்பு கடித்த அளவு.

"உடைஞ்சுதான் இருக்கு" என்றார். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"நான் கருத்துக்களத்துல எழுதிர்றேங்க சேர். நான்தான் ஒடச்சேன்னு. ஒங்களுக்கு இதுல ஒன்னும் இல்லன்னு."

"அதைப் பிறகு பாப்பம். முதல்ல பழைய அலுமினியக் கூலரைப் பூட்டுங்கோ. கடைசியா ஒருக்காக் கரண்டைக் குடுத்துப் பாத்திட்டு மூடுவம்."

அலுமினியக் கூலரின் கிளிப் இளக்கமானது. விரலால் அழுத்தியதுமே மாட்டிக்கொண்டது. இனி ஊசிகளைத் தொட வேண்டும். மேசையில் ஸ்க்ரூ ட்ரைவர் கிடந்தது. அதை எடுத்து அந்தப் போட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோக எனக்குக் கை வரவில்லை. சேருக்குச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. அதனால் மூலையில் சும்மா கிடந்த கம்பியூட்டர்ப் பெட்டியை மேசைக்கு இழுத்து வந்தேன். அதன் முன் பக்கத்தில் பட்டன் இருக்கிறதல்லவா. அதிலிருந்து வரும் வயர்களை ஒரு கொத்தாகப் பிடித்து, ஒன்று விடாமல் போட்டில் செருகினேன்.

"ஏன் இவ்வளவு பாடுபடுறியள்?" என்றார்.

"பட்டன்ல அமுக்குறது நல்லதுங்க சேர்."

பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. நான் கையை எடுக்கப்போனேன். அப்போது பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். நீளமாக ஒன்று. பிறகு குட்டையாக இரண்டு.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளுக்கும் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் மனப்பாடம் செய்ய வைக்கிற விஷயம் அது. மெஷின் எழும்போது கோளாறு இருந்தால் உள்ளேயுள்ள சின்ன ஸ்பீக்கர் சத்தம் போட்டுச் சொல்லும். நீளம் ஒன்று, குட்டை இரண்டு என்றால் திரைக்குப் படம் அனுப்பும் கார்ட்டில் கோளாறு. அந்த ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்ந்தது, மேசையில் விரித்து வைத்த போட்டில் அது இல்லை. அதனால்தான் இத்தனை நாளும் ஊமையாக இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் விட, கோளாறைக் கண்டுபிடித்துச் சத்தம் போடச் சொல்வது புரொசெசர்தான். அது செத்திருந்தால் சத்தமே வராது.

"சேர், உசிரோட இருக்குங்க!" என்று கத்தினேன்.

"கார்ட்டைப் பாருங்கோ, கார்ட்டை!" என்று அவரும் கத்தினார்.

குனிந்து பார்த்தேன். டிஸ்பிளே கார்ட்டின் பின்முனை, அதன் பொந்திலிருந்து ஓர் அரிசி அளவுக்கு எழும்பி நின்றது. நான் உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்தியபோது போட் வளைந்து அதை நெம்பிவிட்டிருக்கிறது. கரண்டை நிறுத்தி, கட்டை விரலால் கார்ட்டை அழுத்தினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. மறுபடி பட்டன். ஒரே ஒரு சின்னச் சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின. புரொசெசரின் பெயர், அதன் வேகம், எல்லாம் இருந்த மாதிரியே இருந்தது.

சேர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நனைந்த தலையிலிருந்து வழிந்த மழைத்தண்ணீர் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சத்தம் கேட்டுச் சென்டர்க்காரர் மேலே ஓடி வந்து, தரையில் இருந்து சிரிக்கிற என்னையும் மேசையைத் தட்டிச் சிரிக்கிற சேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், சரியாயிருச்சா?"

"ஒடையவே இல்லைங்க! ஒடஞ்சிருக்கு, ஆனா ஓடுது!"

அவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் கீழே ஆளனுப்பி ரோல்ஸும் பிளேன்டீயும் எடுப்பித்தார். எத்தனை ரோல்ஸ் சாப்பிட்டேன் என்று நான் எண்ணவில்லை. சென்டர்க்காரர் எண்ணியிருக்கலாம், இரண்டாம் தடவையும் ஆளனுப்பினார்.

மிச்சமிருந்த செம்புக் கூலரை அன்றைக்கே முடித்துவிடலாம் என்றார் சேர். எனக்குப் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தோடு வீட்டுக்குப் போக மனமில்லை. இந்தத் தடவை நான் கிளிப்பைப் பிடித்தேன், அவர் போட்டுக்குக் கீழே கை கொடுத்து வளையாமல் தாங்கினார். ஸ்க்ரூ ட்ரைவருக்குப் பதிலாக, நுனியில் குழி உள்ள நட் முடுக்கி ஒன்றை எடுத்துக்கொண்டோம். அது கிளிப்பின் காதைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. கிளிப் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டது. கார்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. ஓட விட்டோம்.

என்னை அவ்வளவு பாடுபடுத்திய அந்தச் செம்புக் கூலர், சாதாரண அலுமினியக் கூலரை விடக் கொஞ்சம்தான் மேல். சத்தமோ, பக்கத்தில் இருந்து பேச முடியாத அளவு. "இதுக்குத்தானா?" என்றேன். சேர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே முடிவுகளைக் கருத்துக்களத்தில் போட்டேன். சில்லின் மூலை உடைந்தது, எப்படி உடைந்தது, கார்ட் நெம்பியது, எல்லாவற்றையும் மேலேயே எழுதினேன். செம்புக் கூலரைப் பூட்டுகிறவர்கள் ஸ்க்ரூ ட்ரைவரைத் தொட வேண்டாம் என்றும் எழுதினேன். அனுப்பிவிட்டு அடுத்த நாள் பயந்து பயந்துதான் பக்கத்தைத் திறந்தேன். முதல் பதிலே அந்தக் கொழும்புக்காரரிடமிருந்து. அறைச் சூடு இவ்வளவு குறைவாக இருக்க முடியாது, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து அளந்தீர்களா என்று கேட்டிருந்தார். ஹட்டனில் ஜூலை மாதம் அப்படித்தான், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அளந்தேன், வித்தியாசத்தை மட்டும் பாருங்கள் என்று எழுதினேன். அவர் கொழும்பில் தான் அளந்த கணக்கை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார். பின்னேரம் இன்னொரு பதில் வந்தது: "சரியாகப் பொருந்துகிறது. நன்றி. கிளிப் விஷயம் எனக்கும் நடந்தது, வெட்கத்தில் எழுதவில்லை." அதை வாசித்துவிட்டுச் சேருக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த கிழமை புரொசெசர் கண்டிக்குப் போக வேண்டும். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஒருவர் ரயிலில் ஹட்டனுக்கே வந்தார். பிளாட்பாரத்தில் பொதியைக் கொடுத்து, "மூலைய ஒருக்கா பாத்துக்குங்க, பிறகு பிரச்சின வரக்கூடாது" என்றேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார்.

"ஓடுதுதானே?"

"நல்லா ஓடுதுங்க."

"அப்பப் போதும்" என்று பையில் போட்டுக்கொண்டார். ரயில் வந்தது. அவர் ஏறி, ஜன்னலிலிருந்து கையசைத்தார். ரயில் வளைவில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கையில் ஒன்றும் இல்லை. அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொட்டகலை தாண்டியது நினைவிருக்கிறது. பிறகு யாரோ தோளருகே சீட்டைத் தட்டினார்கள். கண் விழித்தால் பஸ்ஸில் யாரும் இல்லை, கண்டக்டர் மட்டும் நிற்கிறார்.

"டீச்சர், நீங்க லிந்துலையில எறங்குற ஆளுல்ல? இது அக்கரப்பத்தன."

"எழுப்பியிருக்கலாமேங்க!"

"எழுப்புனேனே. ரெண்டு தடவ எழுப்புனேன். 'ஓடுது, ஓடுது'ன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டீங்க."

திரும்பிப் போகும் பஸ் இன்னும் வரவில்லை. கடையில் ஒரு வடையும் டீயும் வாங்கிக்கொண்டு, மழை விட்ட வெயிலில் கடை வாசல் மர வாங்கில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டேன்.